கிராண்ட் இல்லாத கார்

இளைஞர் வகுப்புப் பாடம்: உடைமையும் பொறுப்பும்

இந்த மாதப் பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்கலாம். உங்கள் கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. உலகத்திலேயே ஒன்றிரண்டுதான் உள்ள ஒரு கார் விற்பனைக்கு வருகிறது. விலையும் கட்டுப்படியாகிறது. ஆனால் அதைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்காது. இன்றைக்கு மட்டுமில்லை, என்றைக்குமே. வாங்குவீர்களா?

நம் வட்டார வகுப்பில் இதைக் கேட்டபோது பாதிப் பேர் சிரித்தார்கள். "ஓட்ட முடியாத கார் எதுக்குண்ணே?" என்றாள் ஒரு தங்கச்சி. மீதிப் பேர் சிரிக்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, காருக்காகச் சோற்றைக்கூட மறக்கிற கூட்டம் அது. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். போன வருடம் அப்படி ஒரு காரை வாங்கும் அளவுக்கு நான் போய்விட்டேன். அந்த அனுபவத்தையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

1. பட்டறையில் பார்த்தது

செமஸ்டர் விடுமுறை. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. என் ரூம்மேட் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். மூடிப்போன ஒரு சின்ன நிறுவனம் சோதனைக்காகச் செய்த மின்சாரக் கார், இரண்டு பேர் உட்காரலாம். மொத்தம் செய்ததே இரண்டு. ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள், இது மிச்சம். விலை 14,000 வெள்ளி.

மூன்று பேர் சேர்ந்து வாங்குவது என்று ஒரே ராத்திரியில் முடிவாகிவிட்டது. என் பங்குக்கு 5,000 வெள்ளி வைத்திருந்தேன். இரண்டு வருடம் சாப்பாடு டெலிவரி ஓடிச் சேர்த்த காசு. ஓடியது அப்பாவின் மோட்டாரில். அது என்னிடம் இருந்ததால் அப்பா இரண்டு வருடமாகத் தன் கூட்டாளியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எனக்கென்று ஒரு பழைய மோட்டார் வாங்கிவிட்டு அவருடையதைத் திருப்பிக் கொடுக்கத்தான் அந்தக் காசைச் சேர்த்தேன். காரைப் பார்த்த ராத்திரியில் அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

பட்டறைக்குப் போனோம். துணியை விலக்கியதும் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். கையால் செய்த உடல், கதவு ஓரத்தில் அரத்தால் தேய்த்த தடம், டேஷ்போர்டில் யாரோ மார்க்கர் பேனாவால் எழுதி வைத்த எண்கள். ஷோரூம் காரில் இதையெல்லாம் பார்க்க முடியாது. ஒரு இன்ஜினியர் யோசித்த யோசனை அப்படியே வெளியே தெரிந்தது.

விற்றவர் நேர்மையானவர். முதலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, இதுக்கு கிராண்ட் இல்ல. எடுக்கவும் முடியாது. ரோட்டுல விட்டீங்கன்னா நீங்கதான் பொறுப்பு."

திரும்பி வரும் வழியில் என் நண்பன் சொன்னான்: "யாருடா பாக்கப் போறா? ராத்திரி 12 மணிக்கு மேல தாமானுக்குள்ள ரெண்டு ரவுண்டு. அவ்வளவுதான்." நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், எந்தத் தெருவில் ஓட்டலாம் என்று மனசுக்குள் யோசித்துக்கொண்டே வந்தேன்.

2. முன்மாதிரி என்றால் என்ன?

ஒரு புதுக் காரை விற்பனைக்குக் கொண்டுவருமுன் நிறுவனங்கள் செய்து பார்க்கும் வண்டிக்குப் பெயர் புரோட்டோடைப், தமிழில் முன்மாதிரி. நம் இயக்கத்தில் அடிக்கடி கேட்கும் சொல்தான். 'முன்மாதிரி இளைஞன்' என்றால் மற்றவர்கள் பின்பற்ற வேண்டியவன். முன்மாதிரிக் கார் அப்படியில்லை. அது தவறு செய்வதற்கென்றே பிறந்தது. எங்கே உடைகிறது, எங்கே சூடாகிறது, எங்கே அதிர்கிறது என்று காட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை.

ஒவ்வொரு முன்மாதிரியும் சில குறிப்பிட்ட கேள்விகளுக்குப் பதில் தேடிச் செய்யப்படும். மோட்டாரைச் சோதிக்கிற வண்டியில் பிரேக் வேறொரு காரிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். உருவத்தைக் காட்டச் செய்த வண்டியின் உள்ளே இன்ஜினே இல்லாமலும் இருக்கலாம். அச்சு வார்த்துச் செய்ய வேண்டிய பாகத்தை உலோகக் கட்டியிலிருந்து கடைந்து மாட்டியிருப்பார்கள். பார்க்க முழுக் கார் மாதிரி இருக்கும். ஆனால் முழுக் காருக்கான சோதனைகளை அது தாண்டியிருக்காது.

3. சட்டம் ஏன் தடுக்கிறது?

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி பொதுச் சாலையில் ஓடும் வண்டி ஜே.பி.ஜே.யில் பதிவாகியிருக்க வேண்டும். சாலை வரி இருக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது இருக்க வேண்டும். பதிவு செய்யவேண்டும் என்றால் அந்த வகை வண்டிக்கு முதலில் அங்கீகாரம் வேண்டும். தயாரித்தவர்தான் அதற்கு விண்ணப்பித்து, பிரேக் முதல் விளக்கு வரை சோதனை முடிவுகளைக் காட்ட வேண்டும். தயாரித்த நிறுவனமே மூடிவிட்டால் யார் காட்டுவது? பதிவு இல்லை என்றால் சாலை வரி இல்லை, காப்புறுதியும் கிடைக்காது. ஒரு கதவு மூடினால் வரிசையாக எல்லாக் கதவும் மூடிவிடும்.

இது நம் நாட்டுக் கெடுபிடி மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1966-இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அங்கே விற்கும் ஒவ்வொரு காரும் கூட்டரசுப் பாதுகாப்புத் தரங்களுக்கு ஏற்ப இருக்கிறது என்று தயாரித்தவரே உறுதி கொடுக்க வேண்டும். முன்மாதிரிக்கு அந்த உறுதியை எந்த நிறுவனமும் கொடுக்காது.

4. வரலாற்றிலிருந்து நான்கு கதைகள்

முதல் கதை: கிறைஸ்லர் டர்பைன் கார். 1963-இல் கிறைஸ்லர் நிறுவனம் ஆகாய விமானத்தில் இருப்பது போன்ற வாயுச் சுழலி இன்ஜினைக் காருக்குள் வைத்தது. உடலைச் செய்தது இத்தாலியின் தூரின் நகரில் இருந்த கியா பட்டறை. சாதாரண கார் இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினாலே அலறும். இது நிமிடத்துக்கு 44,500 சுற்று வரை போகும். டீசல், மண்ணெண்ணெய் என்று பலவகை எரிபொருளில் ஓடும். மொத்தம் 55 கார்கள். அதில் 5 முன்மாதிரிகள், மீதி 50 பொதுமக்கள் ஓட்டிப் பார்க்க.

அந்த 50 கார்களையும் நிறுவனம் விற்கவில்லை. 203 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு மூன்று மாதம் வரை இலவசமாக ஓட்டக் கொடுத்தது. 1966 தொடக்கத்தில் சோதனை முடிந்தது. மொத்தம் பத்து லட்சம் மைலுக்கும் மேல் ஓடியிருந்தன. பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? 46 கார்களை நிறுவனமே அழித்துவிட்டது. மிஞ்சியது 9. அவற்றில் பெரும்பாலானவை அருங்காட்சியகங்களுக்குப் போயின. பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொகுப்பாளரும் கார் சேகரிப்பாளருமான ஜே லேனோ ஒன்றை வாங்கினார்.

இரண்டாம் கதை: இ.வி.1. ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் வெளிவிட்ட மின்சாரக் கார். இப்போது நாம் ஷாப்பிங் மால் கார் நிறுத்தத்தில் சார்ஜ் போடுகிற காட்சிக்கெல்லாம் முன்னோடி. 1999 வரை 1,117 கார்கள் செய்தார்கள். இதையும் விற்கவில்லை, வாடகை ஒப்பந்தத்தில்தான் கொடுத்தார்கள். ஓட்டியவர்கள் உயிராய் நேசித்தார்கள். நிறுவனம் திருப்பிக் கேட்டபோது, காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று கெஞ்சிப் பார்த்தார்கள். 2003-இல் ஹாலிவுட்டில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் அந்தக் காருக்கு இறுதிச் சடங்கே நடத்தினார்கள். நிறுவனம் மசியவில்லை. பெரும்பாலான கார்களை நசுக்கிவிட்டது. ஏறக்குறைய 40 கார்களை மட்டும் அருங்காட்சியகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கொடுத்தது. அதிலும் பெரும்பாலானவற்றின் ஓட்டும் பகுதியைச் செயலிழக்கச் செய்து, சாலையில் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது.

மூன்றாம் கதை மாணவர்களான நம்மைத் தொடுவது. டாட்ஜ் வைப்பர் என்ற விளையாட்டுக் காரின் ஆரம்பகால வண்டிகள் பலவற்றை கிறைஸ்லர் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பாடத்துக்காகக் கொடுத்திருந்தது. 2014-இல் ஒரு கடிதம் வந்தது: அவற்றை நசுக்கிவிடுங்கள். வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில் உள்ள சௌத் பியூஜெட் சவுண்ட் சமூகக் கல்லூரியிலும் ஒரு வைப்பர் இருந்தது. 1992-ஆம் ஆண்டு வண்டி. அதைப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்ட மாணவர்கள் காப்பாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள், உலகம் முழுக்கச் செய்தியானது. பாடத்துக்குத் தேவை முடிந்ததும் இத்தகைய வண்டிகளை அழிக்கச் சொல்வது தங்கள் வழக்கமான நடைமுறை என்று நிறுவனம் பதில் சொன்னது.

இந்த மூன்றையும் முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பணக்கார நிறுவனங்களின் கல்நெஞ்சு என்று நினைத்தேன். பிறகு நிறுவனத்தின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சோதனை முடியாத கார் ஒன்று வெளியே போகிறது. நான்கு கை மாறுகிறது. ஐந்தாவது ஆள் சாலையில் ஓட்டி யாரையோ இடித்துவிடுகிறான். வழக்கு யார் மேல் வரும்? உதிரிப்பாகம் யார் கொடுப்பது? பழுது பார்க்க யாருக்குத் தெரியும்? வண்டியை விற்கலாம், அதோடு பொறுப்பையும் சேர்த்து விற்றுவிட முடியாது.

நான்காம் கதை, சட்டம் கொஞ்சம் வழிவிட்ட கதை. போர்ஷே 959 என்பது 1980-களில் வந்த அபூர்வக் கார். மோதல் சோதனைக்கு உட்படுத்தாததால் அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனர் பில் கேட்ஸ் ஒன்றை வாங்கிக் கொண்டுபோனார். சுங்கத் துறை பிடித்து வைத்துக்கொண்டது. உலகப் பெரும் பணக்காரர் பத்து வருடத்துக்கும் மேல் தன் சொந்தக் காரை ஓட்ட முடியாமல் காத்திருந்தார். அவர் ராத்திரி 12 மணிக்கு மேல் இரண்டு ரவுண்டு போகவில்லை. சட்டத்தை மாற்றக் கேட்டவர்களோடு சேர்ந்து நின்றார். 1999-இல் ஒரு புது விதி அமலுக்கு வந்தது. வரலாற்று முக்கியத்துவமோ தொழில்நுட்ப முக்கியத்துவமோ உள்ள அபூர்வ வண்டியை, காட்சிக்கு என்று, தனி அனுமதி பெற்றுக் கொண்டுவரலாம். சாலையில் வருடத்துக்கு 2,500 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது. ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர்.

5. அப்படியானால் வாங்குகிறவர் எதை வாங்குகிறார்?

ஓட்ட முடியாது என்று தெரிந்தும் கோடிகள் கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் பெர்டோனே வடிவமைப்பு நிறுவனம் நொடித்துப் போனபோது, 2011-இல் அதன் சேகரிப்பிலிருந்த ஆறு கார்கள் ஏலத்துக்கு வந்தன. அதில் ஒன்று 1970-இல் செய்த லான்சியா ஸ்ட்ராடோஸ் ஸீரோ. உயரம் வெறும் 84 சென்டிமீட்டர், நம் சாப்பாட்டு மேசையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கதவு கிடையாது, முன்கண்ணாடியைத் தூக்கித்தான் உள்ளே இறங்க வேண்டும். 761,600 யூரோவுக்குப் போனது. வாங்கியவர் வேலைக்குப் போக வாங்கவில்லை. ஒரு காலத்து மனிதர்கள் எதிர்காலத்தை எப்படிக் கனவு கண்டார்கள் என்பதற்கு அந்தக் கார் சாட்சி. அவர் வாங்கியது அந்தச் சாட்சியை. கூடவே அதைக் காக்கும் கடமையையும்.

நமக்கு இது புதிதா? நம் கோயில் தேரை நினைத்துப் பாருங்கள். வருடத்தில் ஓரிரு நாள்தான் வெளியே வரும். குறித்த வீதியில், அனுமதி வாங்கி, முன்னும் பின்னும் ஆள் நின்று, மெதுவாக நகரும். மற்ற நாளெல்லாம் கொட்டகையில். அதற்காக 'வீண் வண்டி' என்று யாரும் சொல்வதில்லை. எண்ணெய் போடுவதும் துடைப்பதும் கட்டைகளைச் சரிபார்ப்பதும் கைங்கர்யம். தேர் யாருக்கும் சொந்தம் என்று நாம் நினைப்பதும் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ளும் முறை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு வருகிறது.

ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் முதல் மந்திரம் சொல்லும் கருத்தும் இதுதான். இவ்வுலகில் உள்ளதெல்லாம் இறைவனால் நிறைந்தது, பற்றை விட்டு அனுபவி, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே. 'அனுபவிக்காதே' என்று அது சொல்லவில்லை, கவனியுங்கள். 'என்னுடையது, அதனால் என்ன வேண்டுமானாலும் செய்வேன்' என்ற பிடிப்பைத்தான் விடச் சொல்கிறது.

ஆக, உடைமை என்பதில் மூன்று இருக்கின்றன: வைத்திருக்கும் உரிமை, பயன்படுத்தும் உரிமை, காக்கும் பொறுப்பு. சாதாரண காரில் மூன்றும் ஒன்றாகக் கலந்து வருவதால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. முன்மாதிரிக் காரில் நடுவிலிருப்பதை உருவிவிடுகிறார்கள். வைத்திருக்கலாம், பயன்படுத்த முடியாது, ஆனால் பொறுப்பு மட்டும் முழுசாக உண்டு. அந்தப் பொறுப்பைச் சுமக்கத் தயாராக இருக்கிறவனுக்குத்தான் அது தகும்.

6. அர்ச்சுனனின் தேர்

மகாபாரதத்தில் போர் முடிந்த பிறகு ஒரு காட்சி வருகிறது. பாண்டவர்கள் பாசறைக்கு வந்து சேர்கிறார்கள். வழக்கமாகச் சாரதி முதலில் இறங்குவார். அன்றைக்குக் கண்ணன் அர்ச்சுனனைப் பார்த்து, காண்டீபத்தையும் அம்பறாத் தூணிகளையும் எடுத்துக்கொண்டு நீ முதலில் இறங்கு என்கிறான். அர்ச்சுனன் இறங்கியதும் கண்ணன் இறங்குகிறான். கொடியில் இருந்த அனுமன் மறைகிறார். அடுத்த கணம் தேர் எரிந்து சாம்பலாகிறது.

அர்ச்சுனன் திகைத்து நிற்கிறான். கண்ணன் விளக்குகிறான்: துரோணர், கர்ணன் முதலானோர் விட்ட அஸ்திரங்களால் இந்தத் தேர் எப்போதோ எரிந்துவிட்டது. நான் உட்கார்ந்திருந்ததால் நின்றது. உன் காரியம் முடிந்துவிட்டது, நான் இறங்கிவிட்டேன்.

சின்ன வயதில் பாட்டி சொல்லக் கேட்டபோது கண்ணனின் மகிமை மட்டும் புரிந்தது. இப்போது இன்ஜினியரிங் படிக்கிறவனாக இன்னொன்றும் புரிகிறது. வெளியே முழுசாகத் தெரிகிற வண்டி உள்ளே எப்போதோ முடிந்துபோயிருக்கலாம். உலோகத்துக்கும் களைப்பு உண்டு. ஒவ்வொரு குலுக்கலும் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும். தயாரித்தவர் பக்கத்தில் நின்று தினம் தினம் பரிசோதிக்கும் வரைதான் முன்மாதிரி ஓடும். அவர் இறங்கிவிட்ட பிறகு அது நம்பி ஏறக்கூடிய தேர் இல்லை.

7. அப்பா கேட்ட ஒரு கேள்வி

பட்டறைக்குப் போய் வந்த மறுநாள் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "ரோட்டுக்குப் போகாத காடியா?"

"ஆமாப்பா. ஆனா ராத்திரியில தாமானுக்குள்ள மட்டும்..."

அப்பா சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார். "என்னை இடிச்சவனும் அப்படித்தான்யா நெனச்சிருப்பான். பக்கத்துக் கடைக்குத்தானே."

நான் யு.பி.எஸ்.ஆர். எழுதிய வருடம் அப்பாவை ஒரு கார் இடித்தது. சாலை வரியும் காப்புறுதியும் காலாவதியான கார். அப்பாவுக்குக் கால் முறிந்து நான்கு மாதம் வேலை இல்லை. இழப்பீட்டுக்காக ஊன்றுகோலோடு அவர் ஏறி இறங்கிய படிகளை நானும் அவர் பை தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன். அதெல்லாம் தெரிந்தவன் நான். தெரிந்தும் எந்தத் தெருவில் ஓட்டலாம் என்று யோசித்தேன்.

அப்பா திட்டவில்லை. "ஒன் காசு, ஒன் இஷ்டம்" என்று எழுந்துபோனார். மறுநாள் காலையில் ஐந்தரை மணிக்கு அவர் கூட்டாளி வந்து ஹார்ன் அடித்தார். அப்பா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

நாங்கள் அந்தக் காரை வாங்கவில்லை. நண்பர்கள் இருவருக்கும் என் மேல் கொஞ்ச நாள் கோபம். கிராண்ட் கையில் வாங்கி ஒரு பழைய இ.எக்ஸ். 5 மோட்டார் எடுத்தேன். அப்பாவின் மோட்டாரைக் கழுவி, பிரேக் ஷூ மாற்றி, அவர் நிறுத்தும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பட்டறை வழியாகப் போனபோது கார் பாகம் பாகமாகக் கிடந்தது. யாரும் வாங்கவில்லையாம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. 50 வெள்ளி கொடுத்து முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்டீயரிங் நக்கிளை மட்டும் வாங்கி வந்தேன். அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்த பாகம், கடைந்த தடம்கூட அழகு. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அனுமதி கேட்டு, சாயம் தடவி விரிசல் பார்க்கும் சோதனையைச் செய்தேன். சாயத்தைத் துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பூச்சு அடித்துக் காத்திருந்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சாயம் கசிந்து சிவப்புக் கோடாகத் தெரியும். உள்மூலை ஒன்றை வளைவாக விடாமல் கூர்மையாகக் கடைந்திருந்தார்கள். அந்த மூலையில், நகக்கண் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.

எத்தனை ரவுண்டில் உடைந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவேளை ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு, 12 மணிக்கு மேல் தாமானுக்குள் என்ற பேச்சு மூன்று பேரிடமும் நின்றுவிட்டது. நக்கிள் இப்போது என் படிப்பு மேசையில் இருக்கிறது. அடுத்த வகுப்புக்குக் கொண்டுவருகிறேன், கையில் எடுத்துப் பாருங்கள்.

8. நீங்கள் வாங்க நினைத்தால்

முன்மாதிரி வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த 9 டர்பைன் கார்களையும் பாதுகாத்தவர்கள் இல்லை என்றால் என்னைப் போன்ற மாணவனுக்குப் படிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் வாங்குமுன் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று, தாள். விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா? நிறுவனம் அழிக்கச் சொன்ன வண்டியா? எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டு, இடம். ஓட்டாத வண்டிக்கும் கூரை வேண்டும். வெயிலிலும் மழையிலும் நின்றால் டயரும் ரப்பர் குழாய்களும் முதலில் போகும்.

மூன்று, மின்கலன். மின்சார முன்மாதிரி என்றால் இதுதான் பெரிய ஆபத்து. லித்தியம் மின்கலனைப் பல மாதம் சார்ஜ் இல்லாமல் அடியோடு வடிய விட்டால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் போட்டால் உள்ளுக்குள்ளேயே மின்சுற்று குறுகித் தீப்பிடிக்கலாம். தெரிந்தவர் பரிசோதிக்காமல் சார்ஜ் வயரைச் சொருகாதீர்கள்.

நான்கு, எங்கே ஓட்டுவது? அனுமதி உள்ள தனியார் மைதானம் அல்லது பந்தயத் தடம், அதுவும் அவர்கள் விதிப்படி. இழுவை லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், சாலையில் ஓட்டிக்கொண்டு இல்லை.

ஐந்து, யாருடைய காசு? இந்தக் காசை எதற்கென்று சேர்த்தாய்? இந்தக் கேள்வியை விற்பவர் கேட்க மாட்டார். நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆயுத பூசை அன்று நாம் கருவிகளை ஓய்வாக வைத்துப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறோம். மறுநாள் எடுத்து வேலைக்குப் போகிறோம். இந்த வருடம் பூசையில் அப்பாவின் மோட்டாரும் என் மோட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நக்கிளுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, "இது எதுக்குடா?" என்றார்.

"இதுவும் வேலை செஞ்சிருச்சுப்பா" என்றேன்.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. டர்பைன் கார்களை அழித்த நிறுவனம் செய்தது சரியா? அழிக்காமல் பொறுப்போடு நடந்துகொள்ள வேறு வழி இருந்ததா?

2. வைத்திருக்கும் உரிமை, பயன்படுத்தும் உரிமை, காக்கும் பொறுப்பு: உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள்.

3. 'யாரும் பார்க்க மாட்டார்கள்' என்று நீங்கள் செய்த அல்லது செய்யத் துணிந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதில் யாருக்கு ஆபத்து இருந்தது?

4. இந்த வார வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டு வண்டியின் சாலை வரியும் காப்புறுதியும் எந்தத் தேதியில் முடிகின்றன என்று பார்த்துக்கொண்டு வாருங்கள். அடுத்த வகுப்பில் முதலில் அதைத்தான் கேட்பேன்.